நாற்பது நாள் காவல்

பிள்ளைப்பேறு குறித்து நம் இல்லங்களில் நிலவும் அச்சமெல்லாம் வலி எடுத்த நேரம் முதல் குழந்தை அழும் நேரம் வரைதான். அதுவரை திக்ரும் துஆவுமாகக் காத்திருந்த உறவினர், அழுகுரல் கேட்டதும் ‘அல்ஹம்து லில்லாஹ்’ என்று நெஞ்சாறுகின்றனர். ஊருக்கும் வெளிநாட்டுக்கும் தொலைபேசியில் செய்தி பறக்கிறது. இனிப்பு வழங்கப்படுகிறது. தாயும் சேயும் நலம் என்ற ஒரே வாக்கியத்தில் எல்லாக் கவலையும் முடிந்துவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்து வீட்டாரின் கண்கள் குழந்தையின் மீது குவிகின்றன. தாயைப் பார்ப்பவர் குறைந்துவிடுகின்றனர்.

மருத்துவம் அறிந்தோர் கூறுவது வேறு. பிள்ளைப்பேற்றை ஒட்டி நேரும் தாய் மரணங்களில் பெரும்பகுதி குழந்தை பிறந்த பின்னரே நேர்கிறது. அதிலும் முதல் இருபத்து நான்கு மணி நேரமே மிகக் கொடியது. சேய்களின் நிலையும் இதுதான். பிறந்த முதல் மாதத்தில் இறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் முதல் வாரத்திலேயே இறந்துவிடுகின்றனர். நாம் நிம்மதி அடையும் நேரமே உண்மையில் விழித்திருக்க வேண்டிய நேரம்.

நம் நாடு இத்துறையில் நெடுந்தொலைவு வந்திருக்கிறது. 1997-98 ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால் 398 தாய்மார்கள் இறந்தனர். 2018-20 கணக்கில் அது 97 ஆகக் குறைந்தது; தமிழகத்தில் 54. இது செவிலியரும் மருத்துவரும் அரசும் சேர்ந்து ஆற்றிய பெரும்பணி. ஆயினும் ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் நாட்டில் லட்சத்துக்கு 97 என்பதை எண்ணிப் பாருங்கள். நாளொன்றுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய் இன்றிக் குழந்தை வளரத் தொடங்குகிறது என்பதே அதன் பொருள். அம்மரணங்களில் பெரும்பாலானவை தக்க பராமரிப்பினால் தடுக்கப்படக் கூடியவை.

மர்யம் (அலை) அவர்களுக்கு முதலில் அருளப்பட்டது

திருக்குர்ஆனில் ஒரு பிள்ளைப்பேற்றின் காட்சி விரிவாக வருகிறது. மர்யம் அத்தியாயத்தின் 23 முதல் 26 வரையிலான வசனங்களை ஓதாத வீடு இராது. வலியின் வேதனை தாளாமல் பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கிய அந்தப் புனிதவதிக்கு இறைவன் முதலில் அருளியவை எவை? கவலை வேண்டாம் என்ற ஆறுதல், அருகே ஓடும் நீர், உலுக்கினால் உதிரும் கனிந்த பழங்கள். உண்ணவும் பருகவும் மனம் குளிரவும் பணிக்கப்பட்ட பின்னரே குழந்தையைச் சுமந்து மக்களிடம் வருவது சொல்லப்படுகிறது. தாய்க்கு உணவு, தாய்க்கு நீர், தாய்க்கு ஆறுதல் என்பதே அங்கே நாம் காணும் வரிசை.

நம்மில் பல குடும்பங்களில் இந்த வரிசை மாறிக் கிடக்கிறது. பிள்ளை பெற்றவள் தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று அளந்து கொடுக்கின்றனர். பழம் குளிர்ச்சி என்று விலக்குகின்றனர். ஆறுதலுக்குப் பதிலாக, பிறந்தது பெண் குழந்தையாயின் முகம் சுளிப்பும் சில இடங்களில் நடக்கிறது. மர்யம் அத்தியாயத்தை ஓதி ஊதிய நீரைக் கருவுற்றவளுக்குப் பருகக் கொடுக்கும் நாம், அதில் உள்ள பராமரிப்பின் பாடத்தையும் எடுத்துக் கொள்ள வேண்டாமா?

செவிலியரின் கண்கள்

குழந்தை பிறந்த பிறகு செவிலியர் அடிக்கடி வந்து தாயின் அடிவயிற்றை அழுத்திப் பார்ப்பதை உறவினர் கண்டிருப்பர். வலியில் கிடப்பவளை ஏன் இப்படி வதைக்கிறார் என்று கோபிப்போரும் உண்டு. காரணம் இதுதான்: நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடமொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேலாக இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்த இடத்தில் இரத்தக் குழாய்களின் வாய்கள் திறந்து நிற்கின்றன. கருப்பையின் தசை இறுகிச் சுருங்கினால்தான் அவ்வாய்கள் மூடும். தொப்புளின் அளவில் கருப்பை ஒரு பந்தைப் போலக் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டால் நலம். மாவைப் போலத் தளர்ந்திருந்தால் உள்ளே உதிரம் பெருகுகிறது என்று பொருள். அழுத்திப் பார்ப்பதும் தேய்த்து விடுவதும் அதைச் சுருங்கச் செய்வதற்காகவே. குழந்தை பிறந்ததும் போடப்படும் ஆக்ஸிடோசின் ஊசியும் அதற்காகத்தான்.

உதிரம் எவ்வளவு போயிற்று என்பதைக் கண்ணளவில் மதிப்பிடுவதில் ஓர் ஆபத்து உண்டு. துணியிலும் தரையிலும் சிதறிய உதிரம், உள்ள அளவை விடக் குறைவாகவே தோன்றும். இதைச் சரிசெய்ய ஓர் எளிய வழி கண்டனர். தாயின் அடியில் அளவுக்கோடுகள் இட்ட ஒரு பை விரிக்கப்படுகிறது. உதிரம் அதில் சேர்வதைச் செவிலியர் அளந்து பார்க்கிறார். அளவு மிஞ்சியதும் கருப்பையைத் தேய்த்தல், ஊசி மருந்துகள், நரம்பு வழி நீர், காயம் உண்டா என்ற சோதனை ஆகிய அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே வேளையில் செய்கின்றனர். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட தாய்மாரிடம் இம்முறை ஆராயப்பட்டது. 2023 இல் வெளியான முடிவு வியப்பூட்டியது. பழைய முறையில் பாதியளவே உரிய வேளையில் கண்டறியப்பட்ட உதிரப்போக்கு, புதிய முறையில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேரிடம் கண்டறியப்பட்டது. கடும் உதிரப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, மரணம் ஆகியவை சேர்ந்த எண்ணிக்கை 60 விழுக்காடு குறைந்தது. இதில் பயன்பட்ட மருந்துகளில் புதியது எதுவும் இல்லை. அளந்து பார்த்ததும் உடனே செயல்பட்டதுமே வேறுபாடு.

கை கழுவுதலின் வரலாறும் இத்தகையதே. 1840களில் வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில் இரு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர் பணியாற்றிய பிரிவில் பிரசவ ஜுரத்தால் இறந்தோர், மருத்துவச்சியர் பயின்ற பிரிவில் இறந்தோரைக் காட்டிலும் மிக அதிகம். பிணச் சோதனை செய்த கைகளோடு மாணவர் நேரே பிரசவம் பார்க்க வந்ததே காரணம் என்பதை இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் உணர்ந்து, 1847 இல் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த மரணம், சில மாதங்களில் நூற்றுக்கு இரண்டளவுக்குத் தாழ்ந்தது. ஐவேளையும் ஒளூச் செய்யும் நம் சமுதாயத்தில், குழந்தையைத் தூக்க வரும் உறவினரிடம் ‘கையைச் சோப்பிட்டுக் கழுவி வாருங்கள்’ என்று சொல்வதற்கு ஏன் கூச்சம் வேண்டும்?

கோஷா ஆஸ்பத்திரி

இத்தகைய கவனிப்பு நம் பெண்களுக்குக் கிடைக்காமல் போன காலம் ஒன்று இருந்தது. 1844 இல் சென்னையில் மகப்பேறு மருத்துவமனை தொடங்கப்பட்டு, பின்னர் அங்கே மருத்துவச்சியருக்கான பயிற்சியும் ஏற்பட்டது. இன்றைய எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் தொடக்கம் அதுவே. ஆயினும் கோஷா பேணிய முஸ்லிம் பெண்களும் உயர்குல இந்துப் பெண்களும் ஆண் மருத்துவர் இருக்கும் இடத்துக்கு வரவில்லை. பயிற்சி இல்லாத கைகளில் அவர்கள் பட்ட துன்பத்தைக் கேள்வியுற்றவர், சென்னையில் வழக்கறிஞராக இருந்த ஆங்கிலேயர் ஒருவரின் மனைவியான மேரி ஷார்லீப். அவர் 1875 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களுள் ஒருவர். பின்னர் லண்டனிலும் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885 இல் கோஷாப் பெண்களுக்கென்று பெண்களே நடத்தும் மருத்துவமனையை உருவாக்கினார். கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று இன்று பெயர் பெற்றுள்ள அதனை, திருவல்லிக்கேணி மக்கள் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே அழைத்து வந்துள்ளனர்.

பெண்களின் நாணத்தைப் பழிக்காமல், அதற்கேற்றபடி மருத்துவத்தை அருகில் கொண்டுவந்தார் அந்த அம்மையார். அதே வேளையில் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். பெண் மருத்துவர் கிடைக்காத நெருக்கடியில் ஆண் மருத்துவர் சிகிச்சை அளிப்பதை ஷரீஅத் அனுமதிக்கிறது என்பதே மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. உயிருக்கு ஆபத்து நேர்ந்த நேரத்தில் இதை விவாதித்துக் கொண்டிருப்பது பேணுதல் ஆகாது.

சேய்க்கு முதல் நாள்

தாயின் கதகதப்பில் இருந்த குழந்தை ஈர உடலோடு வெளியே வருகிறது. எனவே முதல் வேலை, உலர்ந்த மென்துணியால் அதன் உடலைத் துடைப்பது. அடுத்தது, தாயின் வெற்று மார்பின் மீது படுக்கவைத்து இருவரையும் சேர்த்துப் போர்த்துவது. குழந்தை நன்றாக அழுது மூச்சுவிடுமாயின், தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுப்பதால் சேய்க்கு இரத்தம் கூடுகிறது. குழந்தையின் காதில் பாங்கு சொல்ல விரும்புவோர், அது தாயின் மார்பில் கதகதப்பாகக் கிடக்கும்போதே மெல்லிய குரலில் சொல்லலாம். அதற்காகக் குழந்தையை வெளியே தூக்கிவரச் சொல்ல வேண்டுவதில்லை. முதல் இருபத்து நான்கு மணி நேரம் குளிப்பாட்டாமல் இருப்பதே நலம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

முதல் ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் புகட்ட வேண்டும். மஞ்சள் நிறத்தில் சிறிதளவே சுரக்கும் சீம்பாலைப் பழைய பால் என்றும் கெட்ட பால் என்றும் பீய்ச்சிக் கொட்டிய வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. நோய்களை எதிர்க்கும் ஆற்றல் செறிந்த முதல் மருந்து அது. குழந்தை பால் அருந்துவதால் தாயின் உடலில் ஆக்ஸிடோசின் சுரந்து கருப்பை சுருங்குகிறது. சேயின் பசியாற்றும் அதே செயல் தாயின் உதிரத்தைக் கட்டுப்படுத்துமாறு படைத்தவனின் ஏற்பாடு எவ்வளவு நுட்பமானது!

இங்கே சில வழக்கங்களைப் பற்றிக் கூற வேண்டும். சேனை வைத்தல் என்று சீனித் தண்ணீர் புகட்டுவதால் குழந்தையின் பசி மந்தமாகிறது. தூய்மையற்ற நீரால் வயிற்றுப்போக்கும் வரக்கூடும். தேனில் நிவாரணம் உண்டு என்பது நம் நம்பிக்கை. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனில் உள்ள ஒருவகைக் கிருமி உடலைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோயைத் தரலாம் என்பதால், பெரியவர்க்கு உரிய மருந்தைப் பச்சிளம் குழந்தைக்குத் தராதிருத்தல் வேண்டும். பேரீச்சம் பழத்தை மென்று குழந்தையின் அண்ணத்தில் தடவும் தஹ்னீக், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செய்து காட்டிய சுன்னத். அதைச் செய்வோர் மருத்துவரைக் கேட்டு, நோயற்ற ஒருவர் கையையும் வாயையும் தூய்மை செய்துகொண்டு, ஒரு தடவல் என்ற அளவோடு நிறுத்த வேண்டும். குறைமாதக் குழந்தைக்கும் மூச்சுத் திணறும் குழந்தைக்கும் மருத்துவர் அனுமதிக்கும் வரை பொறுத்திருக்கலாம். முதற்பாலைத் தள்ளிவைக்கும் காரணமாக அது ஆகிவிடக் கூடாது.

தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய், பவுடர் எதையும் இடலாகாது. உலர்ந்திருப்பதே அதற்கு மருந்து. கண்ணுக்குச் சுர்மா இடுவதும் வேண்டாம். கடைச் சுர்மாக்கள் பலவற்றில் ஈயம் கலந்திருக்கிறது. பி.சி.ஜி. ஊசி, போலியோ சொட்டு, ஈரல் அழற்சிக்கான முதல் தடுப்பூசி, உதிரம் உறையச் செய்யும் வைட்டமின் ‘கே’ ஊசி ஆகியவை போடப்பட்டனவா என்று வீடு திரும்பும் முன் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்கும் தாயின் மார்பே சிறந்த தொட்டில். 1978 இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், கதகதப்புப் பெட்டிகள் போதாத நிலையில், சிறு குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல் படக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் பயன் உண்டா என்று இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஆராய்ந்து 2021 இல் வெளியிட்டனர். குழந்தையின் நிலை சீராகும் வரை காத்திருந்து தொடங்குவதை விட, உடனே தொடங்கியதால் மரணம் 25 விழுக்காடு குறைந்திருந்தது. தாய் அயர்ந்திருக்கும் வேளையில் தந்தையோ பாட்டியோ கூடக் குழந்தையை மார்போடு அணைத்துக் கொள்ளலாம்.

நிஃபாஸ் பாடத்தில் ஒரு மருத்துவப் பாடம்

மகளிர் மதரஸாவில் ஃபிக்ஹ் பாடம் நடத்துகையில், பிள்ளைப்பேற்று உதிரத்தின் மஸ்அலாக்களை மாணவியர் மிகுந்த கவனத்தோடு குறித்துக் கொள்வதை ஆண்டுதோறும் காண்கிறேன். எத்தனை நாள், என்ன நிறம், நின்றதா, மீண்டும் கண்டதா என்று ஒரு பெண் தன் உடலைத் தானே கவனித்து அறிய வேண்டும் என்பது அப்பாடத்தின் அடிப்படை. தொழுகைக்காக நாம் பழகிய இந்தக் கவனிப்பைத்தான் செவிலியரும் நம்மிடம் எதிர்பார்க்கின்றனர்.

நிஃபாஸுக்குக் குறைந்த அளவு இன்னது என்ற வரையறை இல்லை. ஹனஃபி மத்ஹபில் அதன் உச்ச அளவு நாற்பது நாள். ஷாஃபி மத்ஹபில் பெரும்பாலும் நாற்பது, உச்ச அளவு அறுபது. உதிரம் முன்னரே முற்றிலும் நின்றுவிட்டால் குளித்துத் தொழ வேண்டியதே. நாற்பது நிறையட்டும் என்று தொழுகையை விட்டுவைப்பது சரியன்று. அறுவைக் காயத்தில் நீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்னால், காயத்திற்குரிய சலுகைகளும் தயம்மும் நமக்கு உள்ளன. உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளலாம்.

மருத்துவமும் இதனோடு ஒட்டியே நடக்கிறது. முதல் மூன்று நான்கு நாள் உதிரம் சிவந்திருக்கும். பிறகு பழுப்பும் இளஞ்சிவப்புமாக மாறும். பத்து நாளுக்குப் பின் வெளிறி மஞ்சள் கலந்த வெண்மையாகும். வெளிறிய பின்னர் மீண்டும் செஞ்சிவப்பாகப் பெருகினாலும், துர்நாற்றம் வீசினாலும் கருப்பைக்குள் நஞ்சின் துணுக்கு தங்கியிருக்கலாம். அல்லது கிருமி தொற்றியிருக்கலாம். ‘இது நிஃபாஸா, இஸ்திஹாளாவா’ என்று ஆலிமிடம் கேட்கும் சகோதரி, அதே நாளில் மருத்துவரிடமும் காட்ட வேண்டும். முதல் கேள்வி தொழுகையைக் காக்கும். இரண்டாவது உயிரைக் காக்கும்.

மருத்துவ உலகம் பேற்றுக்குப் பிந்தைய காலத்தை ஆறு வாரம், அதாவது 42 நாள் என்று வகுத்திருப்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். நம் பாட்டிமார் காத்த ‘நாற்பது’ ஏறத்தாழ அதே கணக்குத்தான்.

வீட்டில் நாற்பது நாள்

நாற்பது நாள் ஓய்வு என்பது நம் முன்னோர் விட்டுச்சென்ற நல்ல செல்வம். பிள்ளை பெற்றவளை அடுப்படிக்கு விரட்டாமல், உம்மா வீட்டில் வைத்து ஊட்டி உறங்கவைத்த வழக்கம் எத்தனை நாடுகளில் உண்டு? அந்த ஓய்வைக் காப்போம். அதோடு ஒட்டிக் கொண்ட தீங்குகளை மட்டும் விலக்குவோம்.

பால் கொடுப்பவளுக்கு முன்னை விட அதிக நீரும் அதிக உணவும் தேவை. மீன், முட்டை, இறைச்சி, பருப்பு, கீரை, பழம் என எதையும் பத்தியத்தின் பெயரால் மறுக்க வேண்டியதில்லை. பூண்டும் கருவாடும் பிரசவ லேகியமும் உண்பதோடு மருத்துவமனையில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் விடாமல் உட்கொள்ள வேண்டும். கதவு சன்னல்களை அடைத்துச் சாம்பிராணிப் புகை போடுவது பச்சிளம் நுரையீரலுக்குக் கேடு. நாளெல்லாம் படுத்தே கிடப்பதும் ஆகாது; காலில் இரத்தம் உறையாதிருக்க, மெல்ல எழுந்து நடமாட வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதுமானது, தண்ணீரும் வேண்டாம். பிறகு மற்ற உணவோடு பாலூட்டலைத் தொடரலாம். இரண்டு ஆண்டு என்ற நிறைவான கால அளவை அல்பகரா அத்தியாயத்தின் 233 ஆம் வசனம் நமக்குத் தந்துள்ளது.

மருத்துவமனையிலிருந்து வந்துவிட்டால் செவிலியரின் பணி முடிந்துவிடுவதில்லை. பேற்றுக்குப் பின் குறைந்தது ஒரு நாளாவது மருத்துவமனையில் தங்க வேண்டும் என்றும், பிறகு இரண்டு மூன்று நாளிலும், இரண்டாம் வாரத்திற்குள்ளும், ஆறாம் வாரத்திலும் தாயையும் சேயையும் பரிசோதிக்க வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2022 இல் வலியுறுத்தியது. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வரும்போது, எல்லாம் நலம் என்று வாசலிலேயே பதில் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உள்ளே அழைத்துத் தாயையும் காட்டுங்கள்.

வீட்டுக்கு வரும் இந்தக் கவனிப்பின் ஆற்றலை உலகுக்குக் காட்டியது நம் நாட்டு ஊர் ஒன்றே. மகாராஷ்டிரத்தின் பின்தங்கிய கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி அளித்துப் பச்சிளம் குழந்தைகளை வீடு வீடாகப் பார்க்கச் செய்தனர். எடை பார்த்தல், மூச்சை எண்ணுதல், கதகதப்பாக வைத்தல், தொற்றைத் தொடக்கத்திலேயே கண்டு மருந்தளித்தல் ஆகியவையே அவர்கள் கற்றவை. பிறந்த ஒரு மாதத்திற்குள் ஆயிரத்துக்கு 62 என இருந்த குழந்தை மரணம் மூன்றாம் ஆண்டில் 25 அளவுக்கு இறங்கியது. 1999 இல் வெளியான இம்முடிவே பின்னாளில் நாடெங்கும் பச்சிளம் குழந்தைகளை வீட்டுக்குச் சென்று பார்க்கும் திட்டத்திற்கு வழிவகுத்தது.

உடலோடு மனமும் கவனிக்கப்பட வேண்டும். மூன்றாம் நாள் தொடங்கிக் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் இயல்பு. இரண்டு வாரத்தில் அது தெளிந்துவிடும். தெளியாமல் உறக்கமின்மை, குழந்தையிடம் பற்றின்மை, சாவைப் பற்றிய பேச்சு என்று தொடர்ந்தால் அது நோய். உலக அளவில் பிள்ளை பெற்ற தாய்மாரில் நூற்றுக்குப் பதின்மூன்று பேரளவில் மனநலக் குறைவுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர். ஈமான் குறைவு என்றோ ஜின் பிடித்தது என்றோ சொல்லி அவளை மேலும் வருத்தாதீர்கள். துஆவும் செய்வோம், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம்.

உடனே மருத்துவமனைக்கு

பின்வருவனவற்றுள் ஒன்று கண்டாலும் மறுநாள் வரை காத்திருத்தல் கூடாது. இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

தாய்க்கு: ஒரு மணி நேரத்திற்குள் துணி முழுதும் நனையும் உதிரம்; மயக்கம்; 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல்; துர்நாற்றம்; கடுந்தலைவலி, கண் மங்கல், வலிப்பு; மூச்சுத் திணறல்; ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல்; மார்பகம் சிவந்து கட்டிக் காய்ச்சல் வருதல்; தன்னையோ குழந்தையையோ மாய்த்துக் கொள்ளும் எண்ணம். பேறுகாலத்தில் இரத்த அழுத்தம் சரியாக இருந்தவருக்கும் பேற்றுக்குப் பின் வலிப்பு வரலாம் என்பதை மறவாதீர்.

சேய்க்கு: பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், நிமிடத்துக்கு அறுபதோ அதற்கு மேலோ மூச்சு, விலா உள்ளிழுத்தல், உடல் சில்லிடுதல் அல்லது கொதித்தல், வலிப்பு, தொப்புளைச் சுற்றிச் சிவத்தல், சீழ், முதல் நாளிலேயே மஞ்சள் காணுதல் அல்லது உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுதல். மஞ்சள் கண்ட குழந்தையை வெயிலில் காட்டிக் கொண்டே நாளைக் கடத்துவது பெரும் பிழை.

அனுமதிக்குக் காத்திருக்கும் நேரம்

தாய் மரணத்துக்கு இட்டுச் செல்லும் தாமதங்கள் மூன்று என்று 1994 இல் தடேயஸ், மேன் என்ற இரு ஆய்வாளர் வகுத்துக் கூறினர். மருத்துவமனைக்குப் போவது என்று முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேர்வதில் தாமதம். சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இரண்டாவதும் மூன்றாவதும் சாலையையும் அரசையும் சார்ந்தவை. முதல் தாமதம் முற்றிலும் நம் வீட்டுக்குள் நிகழ்வது.

வளைகுடாவில் இருக்கும் கணவருக்குத் தொலைபேசி கிடைக்கவில்லை. மாமனார் தொழுகைக்குப் போயிருக்கிறார். மாமி ‘விடியட்டும்’ என்கிறார். உதிரப்போக்கு விடியும் வரை பொறுக்காது. ஆகவே ஏழாம் மாதத்திலேயே கணவர் எல்லோரும் அறியச் சொல்லிவிட வேண்டும்: ‘என் மனைவிக்கு ஆபத்தின் அடையாளம் எது கண்டாலும், என்னைக் கேட்காமல் அழைத்துச் செல்லுங்கள்.’ எந்த மருத்துவமனை, யார் உடன் செல்வது, யார் இரத்தம் கொடுப்பது, பணம் எங்கே இருக்கிறது என்பனவும் அப்போதே முடிவாகிவிட வேண்டும். 108 என்ற எண்ணை வீட்டில் சிறுவரும் அறிந்திருக்க வேண்டும்.

பேறுகாலம் பெண்களின் சமாச்சாரம் என்று ஒதுங்கும் ஆண்களுக்கு வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. பத்ருப் போரின் போது நோயுற்றிருந்த தம் மனைவி ருகையா (ரலி) அவர்களைப் பராமரிப்பதற்காக உஸ்மான் (ரலி) அவர்களை மதீனாவிலேயே தங்குமாறு பணித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். போரில் கலந்து கொண்டவர்களுக்கு உரிய பங்கும் அவருக்கு வழங்கப்பட்டது. மனைவிக்குப் பணிவிடை செய்வது எந்த இடத்தில் வைத்து மதிக்கப்பட்டது என்பதை இது காட்டவில்லையா?

நம் பெண் மக்களுக்கு ஒரு பணி

காயமுற்றோருக்காக மதீனாப் பள்ளிவாசலில் கூடாரமிட்டுச் சிகிச்சை அளித்த ருஃபைதா (ரலி) அவர்களின் பெயரைப் பலர் அறிவர். நபிகளாரின் மகன் இப்ராஹீம் பிறந்தபோது பிரசவம் பார்த்தவர், அபூராஃபிஉ (ரலி) அவர்களின் மனைவியான சல்மா (ரலி) என்பதைச் சீறா நூல்கள் குறிப்பிடுவதை அறிந்தவர் சிலரே. இப்பணி நம் வரலாற்றின் முகப்பிலேயே இருக்கிறது. ஆயினும் செவிலியர் படிப்பு என்றால் இரவுப் பணி, கௌரவக் குறைவு என்று பெண்ணைத் தடுக்கும் பெற்றோர், தம் மகளின் பிரசவத்துக்கு மட்டும் முஸ்லிம் செவிலியர் இல்லையே என்று வருந்துகின்றனர். பெண்ணுக்குப் பெண்ணே மருத்துவம் செய்ய வேண்டும் என்று விரும்பும் சமுதாயம், அப்பெண்களை உருவாக்கும் கடமையையும் ஏற்றாக வேண்டும். ஜமாஅத்துகள் ஆண்டுக்கு ஒரு மாணவியின் செவிலியர் படிப்புச் செலவை ஏற்றாலும் பத்து ஆண்டில் ஓர் ஊருக்குப் பத்துப் பேர் கிடைப்பர்.

அதுவரை, பிள்ளை பெற்றவள் இருக்கும் ஒவ்வோர் இல்லத்திலும் ஒருவர் காவல் பொறுப்பை ஏற்கட்டும். குழந்தையை வாழ்த்த வருவோர், ‘குழந்தை யார் சாயல்?’ என்று கேட்கும் முன், தாயின் அருகே அமர்ந்து, ‘உனக்கு எப்படி இருக்கிறது? சாப்பிட்டாயா? உறங்கினாயா?’ என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு அவள் சொல்லும் பதிலைப் பொறுமையாகக் கேட்கட்டும்.

ஈன்ற தாய்மாருக்கும் பிறந்த மழலையருக்கும் அல்லாஹ் நீடித்த ஆயுளையும் நலத்தையும் அருள்வானாக! ஆமீன்.